சூடேறும் செயலி: கூலரை மாற்றும் முன் எல்லா வழிகளையும் எடைபோடுவோம்

மே மாதத்தில் ஒரு நாள் மதுரையிலிருந்து என் அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, தன் கையாலேயே பூட்டிய முதல் கணினி அவனுடையது. "மாமா, கேம் ஓப்பன் பண்ணின உடனே நூறு டிகிரி காட்டுது. லிக்விட் கூலர் வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். அவன் பார்த்து வைத்திருந்த 240 மி.மீ. லிக்விட் கூலரின் (சூட்டைக் குழாயில் ஓடும் திரவத்தால் கடத்தும் வகை) விலை, அவன் வாங்கிய செயலியின் (பிராசஸரின்) விலையில் பாதிக்கு மேல் இருந்தது.

முதல் முறையாகக் கணினி கட்டியவர்கள் பலர் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கூலரை மாற்றியே ஆக வேண்டும் என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டு, எந்தக் கூலர் என்பதை மட்டும் கேட்கிறார்கள். உண்மையில் அவர்கள் முன் இருப்பவை ஐந்து வழிகள்: இருக்கும் கூலரையே கழற்றி மறுபடியும் பொருத்துவது, பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) மின்வரம்பை, அதாவது செயலி எடுக்கக் கூடிய வாட் அளவைக் குறைப்பது, கேபினெட்டின் காற்றோட்டத்தைச் சீராக்குவது, பெரிய காற்றுக் கூலர் வாங்குவது, லிக்விட் கூலர் வாங்குவது. ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதையும் ஒரு வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். சில செயலிகளுக்கு அதுவே சரியான விடை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் செயலியின் சொந்த எல்லை. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளுக்கு அந்த எல்லை 100 டிகிரி; ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசைக்குப் பொதுவாக 95 டிகிரி. அதே வரிசையில் 7800எக்ஸ்3டி போன்ற எக்ஸ்3டி வகைச் செயலிகளுக்கு 89 டிகிரி. எல்லையைத் தொட்டவுடன் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், திரையில் மூன்று இலக்க எண்ணைப் பார்த்துப் பதறி மின் இணைப்பைப் பிடுங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் வேகம் குறைகிறது என்றால், காசு கொடுத்து வாங்கிய திறனில் ஒரு பகுதி கைக்கு வரவில்லை என்று பொருள்.

இரண்டாவது, அறையின் வெப்பநிலை. வழக்கமான எந்தக் கூலரும் செயலியை அறையைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறைக்கு மேலே எத்தனை டிகிரியில் நிறுத்தி வைக்கிறது என்பதுதான் அதன் திறமை. ஒரு கூலர் ஒவ்வொரு வாட்டுக்கும் அரை டிகிரி ஏற விடுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். செயலி 80 வாட் எடுத்தால் அறையைவிட 40 டிகிரி கூடுதலாக இருக்கும். 22 டிகிரி ஏ.சி. அறையில் அது 62. மின்விசிறி மட்டும் ஓடும் 37 டிகிரி மே மாத அறையில் அதுவே 77. குளிர்நாட்டிலிருந்து வரும் விமர்சன வீடியோவில் காட்டும் எண்ணை நம் வீட்டில் எதிர்பார்ப்பவர்கள், இல்லாத பழுதைத் தேடி அலைவது இதனால்தான்.

மூன்றாவது, சூடு ஏறும் விதம். என் அனுபவத்தில், வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு மற்ற எல்லா அளவுகோல்களையும்விட இதுவே உதவுகிறது. வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, செயலிக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட விட்டு, வெப்பநிலையோடு சேர்த்துச் செயலி எடுக்கும் வாட் அளவையும் பார்க்க வேண்டும். 50, 60 வாட்டிலேயே ஓரிரு வினாடிகளில் எல்லையைத் தொட்டு, சோதனையை நிறுத்தியதும் அதே வேகத்தில் இறங்கினால், செயலியிலிருந்து கூலருக்குச் சூடு போய்ச் சேரவில்லை. பத்து, பதினைந்து நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறினால், கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றே சூடாகிக்கொண்டிருக்கிறது. வாட் அளவு செயலிக்குக் குறிக்கப்பட்டதைவிட மிக அதிகமாக நின்றால், மதர்போர்டு வரம்பைத் திறந்து விட்டிருக்கிறது. இந்த மூன்றும் இல்லாமல், எல்லாம் ஒழுங்காக இருந்தும் சூடு இறங்கவில்லை என்றால்தான் கூலர் சிறியது என்ற முடிவுக்கு வரலாம்.

ரைசன் 7000 வரிசைக்கு மட்டும் இதில் ஒரு விலக்கு உண்டு. அதன் கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்) அமைந்திருக்கும் சில்லு ஏறத்தாழ 70 சதுர மி.மீ. அளவே உள்ளது, அத்தனை சிறிய இடத்தில் அவ்வளவு சூடு பிறப்பதால், கூலர் கச்சிதமாகப் பொருந்தியிருந்தாலும் எண் சட்டென்று தாவும். எனவே அங்கே தாவலைப் பார்க்காமல், எத்தனை வாட்டில் எல்லையைத் தொடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மீதி அளவுகோல்கள் வழக்கமானவை: பணம், சத்தம், செய்ததைத் திரும்ப மாற்ற முடியுமா என்பது, செய்யும்போது எதையாவது உடைத்துவிடும் வாய்ப்பு, வாரண்டி. இவற்றை வைத்து ஐந்து வழிகளையும் ஒரே பார்வையில் காண விரும்புவோருக்காக ஓர் அட்டவணை:

| வழி | கையிலிருந்து போகும் பணம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | பொருந்தும் நிலை | பயன்படாத நிலை |
|---|---|---|---|---|
| மறுபடியும் பொருத்துதல் | பேஸ்ட் (செயலிக்கும் கூலருக்கும் இடையே பூசும் பசை) டியூப், துடைக்கும் ஆல்கஹால்: சில நூறு ரூபாய் | அரை நாள், ஏ.எம்.4 (ஏ.எம்.டி.யின் முந்தைய சாக்கெட், அதாவது செயலி அமரும் இடம்) செயலியில் பின் வளையும் ஆபத்து | குறைந்த வாட்டிலேயே எல்லையைத் தொட்டால் | சூடு மெல்ல ஏறினால் |
| மின்வரம்பைக் குறைத்தல் | எதுவும் இல்லை | பல கோர் வேலைகளில் சிறிது வேகம் | வாட் அளவு வரம்பு மீறி நின்றால் | கூலர் சரியாக அமராவிட்டால் |
| காற்றோட்டம் | பூஜ்யம் முதல் இரண்டாயிரம் வரை | மாதந்தோறும் தூசி துடைக்கும் வேலை | கேபினெட்டின் பக்கப் பலகையைத் திறந்ததும் சூடு இறங்கினால் | திறந்தும் இறங்காவிட்டால் |
| பெரிய காற்றுக் கூலர் | பெரும்பாலும் இரண்டாயிரத்திலிருந்து | உயரம் பொருந்தாமை. பழைய பொருத்துச் சட்டம் | பெட்டிக் கூலரோடு (செயலியின் பெட்டியிலேயே வரும் கூலர்) அதிக வாட் செயலி | கேபினெட் காற்றே சூடாக இருந்தால் |
| லிக்விட் கூலர் | பெரும்பாலும் ஐயாயிரத்துக்கு மேல் | பம்பின் ஆயுள். பழுதானால் கணினியே நிற்பது | 200 வாட்டுக்கு மேல் தொடர்ந்து எடுக்கும் செயலி | 65 வாட் வகைச் செயலி |

## இருக்கும் கூலரையே மறுபடியும் பொருத்துதல்

முதல் கணினியில் சூட்டுப் பிரச்சினை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது பொருத்தியவரின் கையைத்தான். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. புதிய மதர்போர்டு வளைவதைப் பார்த்துப் பயந்து, போதிய அழுத்தம் கொடுக்காமல் விடுவது எல்லோருக்கும் நேர்வதுதான்.

பெட்டியோடு வரும் கூலர்களில் ஒரு வகைக்கு நான்கு மூலையிலும் அழுத்து ஊசிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் "டக்" என்ற சத்தம் கேட்கும் வரை அழுத்த வேண்டும். அதிலும் ஒரு மூலை, அடுத்து அதற்கு எதிர் மூலை என்ற வரிசையில் அழுத்த வேண்டும். சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். மதர்போர்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், நான்கு துளைகளிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் கால் விரிந்து, நடுவே கறுப்பு முனை எட்டிப் பார்க்க வேண்டும். அக்கா மகனின் கணினியில் மூன்று துளைகளில் அது தெரிந்தது. நான்காவதில் கறுப்பு முனை உள்ளேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த வெப்பத் தகட்டால் விரல் நுழைய இடமில்லாத மூலை அது. மூன்று காலில் நின்ற கூலர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால், பேஸ்ட் ஓர் ஓரத்தில் தடித்தும் மறு ஓரத்தில் கூலரைத் தொடாமலும் இருந்தது.

தனியாக வாங்கிய கூலர் என்றால் இன்னொரு வழக்கமான தவறு, அடித்தட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது. அதில் எச்சரிக்கை அச்சிட்டிருந்தாலும் அவசரத்தில் கண் அதைப் படிப்பதில்லை. ஃபேன் வயரை மதர்போர்டில் சி.பி.யூ. ஃபேனுக்கென்று குறித்த இடத்தில் செருகாமல் விடுவதும், தொங்கும் வயர் இறக்கையில் சிக்கி ஃபேன் சுற்றாமல் நிற்பதும் இதே கணக்கில் சேரும். கழற்றும் முன் இவற்றைப் பார்த்துவிட்டால் அரை நாள் மிச்சம்.

கழற்றினால் பழைய பேஸ்டை அப்படியே விட்டு மீண்டும் பொருத்தக் கூடாது. காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்ளும். மொபைல் பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் நனைத்து இரு பக்கமும் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். நீளவாக்கில் இருக்கும் செயலி என்றால் சிறு கோடாக இழுக்கலாம். எந்த பேஸ்ட் என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெயர் பெற்ற பேஸ்டுகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான்; சரியாகப் பொருத்தியதற்கும் சரியாகப் பொருத்தாததற்கும் உள்ள வித்தியாசம் இருபது டிகிரியைத் தாண்டலாம். திரவ உலோகத்தை மட்டும் முதல் கணினியில் தொட வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும்.

இந்த வழியின் மறைவான ஆபத்து ஏ.எம்.4 மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு உண்டு. அங்கே பின்கள் செயலியின் அடியிலேயே இருப்பதால், இறுகிப் போன பேஸ்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து செயலியும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கழற்றும் முன் சில நிமிடங்கள் கணினியை ஓட்டிப் பேஸ்டை இளக வைத்து, அணைத்த பிறகு கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். ஏ.எம்.டி.யின் புதிய ஏ.எம்.5 சாக்கெட், இன்டெல் சாக்கெட் ஆகியவை உள்ள மதர்போர்டுகளில் உலோகச் சட்டம் செயலியைப் பிடித்துக்கொள்வதால் இந்தப் பயம் இல்லை.

## பயோஸில் மின்வரம்பைக் குறைத்தல்

பணம் செலவாகாத வழி என்பதால் இதை மலிவான சமாதானம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நம் ஊர் வெயிலுக்கு ஐந்து வழிகளிலும் மிகவும் பொருத்தமானது இதுதான். மற்ற நான்கும் பிறந்த சூட்டை வேகமாக வெளியே தள்ளும் வேலையை மட்டுமே செய்கின்றன. 150 வாட் எடுக்கும் செயலிக்கு எந்தக் கூலரைப் போட்டாலும் அந்த 150 வாட்டும் கடைசியில் அறைக்குள்தான் வந்து சேரும். சூடு பிறப்பதையே குறைப்பது இந்த ஒரு வழிதான்.

இன்டெல் ஐ7-12700 செயலியின் அடிப்படை மின்னளவு 65 வாட். உச்ச வேகத்தில் 180 வாட். பெட்டிக்குள் வரும் சிறிய கூலர் முதல் எண்ணுக்குப் போதுமானது, இரண்டாவது எண்ணைத் தொடர்ந்து தாங்கக் கூடியது அல்ல. ஆனால் பல மதர்போர்டுகள் உச்ச அளவையே நிரந்தரமாக அனுமதித்துவிடும். சில பலகைகள் முதல் முறை இயக்கும்போது, எந்த வகைக் கூலர் பொருத்தியிருக்கிறீர்கள் என்று கேட்கும். பெருமைக்காக வாட்டர் கூலர் என்று தேர்ந்தெடுத்துவிட்டால் வரம்பு 4096 வாட் என்று மாறிவிடும். அதாவது, வரம்பே இல்லை. பயோஸில் பி.எல்.1 (நீடித்த வரம்பு), பி.எல்.2 (சிறிது நேர உச்ச வரம்பு) என்ற இரு இடங்களைத் தேடி, நீடித்த வரம்பை 65க்கும் 100க்கும் இடையில் ஓர் எண்ணாக எழுதினால், பெட்டிக் கூலரும் மூச்சு விடும்.

ஏ.எம்.டி. பக்கம் இதையே ஈகோ மோடு என்ற ஒரே சொடுக்கில் செய்யலாம். ரைசன் 5 7600எக்ஸ் வழக்கமாக 142 வாட் வரை எடுக்கும். 65 வாட் என்று பெயரிட்ட ஈகோ மோடில் வைத்தால் சாக்கெட் வழியாக 88 வாட்டுக்கு மேல் எடுக்காது. அதனால் எவ்வளவு வேகம் போகும் என்று அஞ்சுபவர்கள், அதன் தம்பியான 7600 செயலியை நினைத்துப் பார்க்கலாம்; அது பிறப்பிலேயே 88 வாட் வரம்போடு விற்கப்படுகிறது, யாரும் அதை மெதுவானது என்று சொல்வதில்லை. காரணம் எளிமையானது. செயலி எடுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறுகிறது. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக மின்னழுத்தத்தை வெகுவாக ஏற்ற வேண்டியிருப்பதால், மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாலும் வேகத்தில் சில சதவீதமே குறைகிறது. விளையாட்டுகளில் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வீடியோ ரெண்டரிங், பெரிய மென்பொருள் கம்பைல் போன்ற வேலைகளில்தான் கடிகாரத்தில் தெரியும். அவையே பிழைப்பு என்றால் இந்த வழியை அளவோடு பயன்படுத்த வேண்டும்.

மின்சாரக் கட்டணத்தையும் சொல்லிவிடலாம். 142க்கும் 88க்கும் இடையே மிச்சமாகும் 54 வாட் என்பது, நாளுக்கு ஆறு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டுபவருக்கு மாதம் ஏறத்தாழ 10 யூனிட். நம் இரண்டு மாதப் பில்லில் 20 யூனிட். அடுத்த கட்டண வரிசையின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அது சிறிய எண் அல்ல.

வரம்பைக் குறைப்பதும் மின்னழுத்தத்தைக் குறைப்பதும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவதில் ஆபத்து எதுவும் இல்லை. இரண்டாவது, அதாவது ஏ.எம்.டி. பயோஸில் மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் கர்வ் ஆப்டிமைசர் என்ற இடத்தில் எதிர்மறை எண் கொடுப்பது, அதே வேகத்தில் குறைந்த சூட்டைத் தரக் கூடியது. ஆனால் ஒவ்வொரு சில்லும் தாங்கும் அளவு வேறு. அளவு மீறினால் முழுச் சுமையில் அல்ல, பிரவுசரைத் திறந்து வைத்துச் சும்மா இருக்கும் நேரத்தில்கூடக் கணினி மறுதொடக்கம் ஆகலாம்; அப்போது ரேம் பழுதா, எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் வழங்கும் பெட்டி) பழுதா என்று தேடி நாட்கள் போகும். தவிர, அது பி.பி.ஓ. என்ற, செயலியைக் குறிக்கப்பட்ட வரம்புக்கு வெளியே ஓட்டும் பகுதிக்குள் வருவதால் ஏ.எம்.டி.யின் வாரண்டி விதிகளுக்கு வெளியே நிற்கிறது. முதல் கணினிக்கு வரம்பு போதும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் உயர் மாதிரிகளை வைத்திருப்பவர்கள் எந்த வழிக்கும் முன் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கேட்கும் மைக்ரோகோடு (செயலிக்குள் இருக்கும் அடிப்படை நிரல்) பிழையால் அந்தச் செயலிகள் நிலைகுலைவதை இன்டெல்லே 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று திருத்தங்களை வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அங்கே கூலரை மாற்றுவது நோய்க்கு மருந்தாகாது.

## கேபினெட்டின் காற்றோட்டம்

இதைச் சோதிக்க ஒரு பைசா செலவில்லை. சோதனையை ஓட விட்டு வெப்பநிலை நிலைத்த பிறகு, பக்கப் பலகையைக் கழற்றி வையுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி கேபினெட். ஓரிரு டிகிரி மட்டும் இறங்கினால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

நம் வீடுகளில் கேபினெட்டுக்கு வெளியே இன்னொரு கேபினெட் இருக்கும். கம்ப்யூட்டர் டேபிளின் வலது பக்கம், சி.பி.யூ. வைப்பதற்கென்றே தச்சர் அடித்துக் கொடுத்த மர அறையைத்தான் சொல்கிறேன். பின்பக்கம் பிளைவுட், இரு பக்கமும் பலகை, சிலவற்றில் முன்னால் கதவும் உண்டு. பின்பக்க ஃபேன் வெளியே தள்ளும் சூடான காற்று பிளைவுட்டில் மோதி, பக்கவாட்டில் சுற்றி வந்து, முன்பக்க ஃபேன் வழியாக மறுபடியும் உள்ளே போகும். அலுவலகக் கணினிகளின் காலத்தில் அது பொறுக்கக் கூடியதாக இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டு மட்டுமே 200 வாட் எடுக்கும் கணினிக்கு அது அடுப்பு. ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கூலர் வாங்கி இந்த அறைக்குள்ளேயே வைப்பதில் பொருளில்லை. முதலில் வெளியே எடுத்துச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அடுத்து, ஃபேன்கள் எந்தப் பக்கம் ஊதுகின்றன என்று பார்க்க வேண்டும். மோட்டாரைத் தாங்கும் பிளாஸ்டிக் குறுக்குக் கைகள் உள்ள பக்கம் காற்று வெளியேறும். திறந்த இறக்கைகள் தெரியும் பக்கம் காற்றை இழுக்கும். ஒரு டிஷ்யூ தாளை அருகே பிடித்தாலே விளங்கிவிடும். முன்னால் இரண்டு உள்ளே, பின்னால் ஒன்று வெளியே என்ற எளிய அமைப்பு பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். முன்பக்கம் முழுக் கண்ணாடியும் அதற்குப் பின்னால் வண்ண விளக்கு ஃபேன்களும் உள்ள கேபினெட்டுகளில், ஃபேன் எத்தனை இருந்தாலும் இழுப்பதற்குக் காற்று இல்லை. அங்கே செலவு செய்ய வேண்டியது ஃபேனுக்கு அல்ல, வலை முன்பக்கம் உள்ள வேறு கேபினெட்டுக்கு.

மறைவான செலவு தூசி. உள்ளே இழுக்கும் ஒவ்வொரு ஃபேனும் தெருப் புழுதியையும் சேர்த்தே இழுக்கும். வடிகட்டி வலையை மாதம் ஒரு முறை கழுவி, முழுவதும் உலர்ந்த பின் மாட்டும் பொறுமை இல்லையென்றால், ஆறு மாதத்தில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலரைக் கணினிக்கு நேரே திருப்பி வைக்கும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. அந்த ஈரக் காற்று மதர்போர்டுக்கு நல்லதல்ல.

## பெரிய காற்றுக் கூலர்

முதல் மூன்று வழிகளையும் பார்த்த பிறகும் சூடு இறங்காவிட்டால், அல்லது ரைசன் 7600எக்ஸ் போலக் கூலர் இல்லாமலே விற்கப்படும் செயலியாக இருந்தால், இதுதான் என் முதல் பரிந்துரை. 120 மி.மீ. ஃபேனும் நான்கு வெப்பக் குழாய்களும் கொண்ட ஒற்றைக் கோபுரக் கூலர் 120, 130 வாட் வரை சிரமமின்றித் தாங்கும். இரட்டைக் கோபுரம் 200 வாட்டை நெருங்கியும் தாங்கும். பெட்டிக் கூலரின் கீச்சுச் சத்தத்திலிருந்து விடுதலை கிடைப்பது, வெப்பநிலை எண்ணைவிட அன்றாடம் உணரக்கூடிய லாபம். பத்து ஆண்டுகளில் கெட்டுப்போகக் கூடியது ஃபேன் ஒன்றுதான். அதைச் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம்.

வாங்கும் முன் அளவு நாடாவை எடுக்க வேண்டும். டீப்கூல் ஏ.கே.400 கூலரின் உயரம் 155 மி.மீ.; நாக்டுவா என்.எச்.-டி15 கூலரின் உயரம் 165 மி.மீ. கேபினெட்டின் குறிப்பில் 160 மி.மீ. என்று எழுதியிருந்தால் இரண்டாவதை வைத்துக் கண்ணாடிப் பலகையை மூட முடியாது. உயரமான ரேம் குச்சிகள் ஃபேனில் இடிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

பொருத்துச் சட்டத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இன்டெல்லின் எல்.ஜி.ஏ.1200 சாக்கெட்டைச் சுற்றிய துளைகளுக்கு இடையே 75 மி.மீ.; எல்.ஜி.ஏ.1700க்கு 78 மி.மீ. கடையில் நாட்பட்டுக் கிடந்த பழைய இருப்பில் புதிய சட்டம் இருக்காது. எப்படியோ வளைத்து மாட்டினாலும் அழுத்தம் சரியாக விழாது. சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ நேரில் வாங்குபவர்கள், பெட்டியின் மேல் சாக்கெட் பெயரைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். ஏ.எம்.4க்கு வாங்கிய கூலரை ஏ.எம்.5க்கு மாற்றுபவர்களுக்கு, மதர்போர்டோடு வரும் பின்தட்டையே அந்தக் கூலர் பயன்படுத்துமானால், பெரும்பாலும் தொல்லை இல்லை.

## லிக்விட் கூலர்

இன்டெல்லின் 13900கே போன்ற, 253 வாட் வரை எடுக்கும் செயலியை மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓட்டுபவருக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் (திரவம் சூட்டை இழக்கும் தகடு) உள்ள லிக்விட் கூலர் நியாயமான செலவு. கோபுரக் கூலர் நுழையாத குறுகிய கேபினெட்டுக்கும், ஒன்றேகால் கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு போன்ற கூலரை மதர்போர்டில் தொங்க விட்டபடி அடிக்கடி ஊர்விட்டு ஊர் கொண்டுபோகிறவருக்கும் அது பொருந்தும். அழகுக்காக வாங்குவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். அழகுக்காக என்று தெரிந்து வாங்கினால் சரி.

65 வாட் வகைச் செயலிக்கு அதை வாங்குவது வேறு கதை. நல்ல காற்றுக் கூலரைவிட நான்கைந்து டிகிரி குறையலாம். அதற்குக் கொடுப்பது இரண்டு மூன்று மடங்கு விலை. ரைசன் 7600எக்ஸ், 7950எக்ஸ் போன்றவற்றில் ஏமாற்றம் இன்னும் அதிகம். சூட்டில் இடம் கிடைத்தால் அந்தச் செயலிகள் வேகத்தை ஏற்றி அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டவை. ஆகவே விலையுயர்ந்த ரேடியேட்டரை மாட்டிய பிறகும் முழுச் சுமையில் 90க்கு மேல் எண் நிற்பதைப் பார்த்து மனம் உடைபவர்கள் உண்டு.

திரவத்தைச் சுற்ற வைக்கும் பம்பு ஓயாமல் சுற்றும் இயந்திரம். அது நிற்கும் நாளில் கணினியும் நிற்கும். வாரண்டி இருந்தாலும், அனுப்பித் திரும்ப வரும் வரை மாற்றுக் கூலர் கையில் இல்லாதவருக்கு அந்த வாரங்கள் வீண். குழாய்களின் சுவர் வழியாகத் திரவம் ஆண்டுகள் போகப் போக மிக மெதுவாக ஆவியாகும்; மேலே தேங்கும் காற்று பம்புக்குள் போகாமல் இருக்க, ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரேடியேட்டரை முன்னால் வைத்தால் கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சூடான காற்று போகும். மேலே வைத்தால் கிராஃபிக்ஸ் கார்டின் சூடு ரேடியேட்டருக்குப் போகும். பம்பின் வயரைப் பயோஸில் முழு வேகத்துக்கு அமைக்காமல், ஃபேன் போலவே வேகத்தை ஏற்றி இறக்க விட்டதால் சூடேறுகிறது என்று வருந்தியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

## ஒன்றும் செய்யாமல் விடலாமா

ரைசன் 7600எக்ஸ், 7700எக்ஸ் வைத்திருந்து, சினிபெஞ்சில் மட்டும் 95ஐத் தொட்டு, விளையாட்டில் 70, 80க்குள் இருந்தால் தாராளமாக விடலாம்; முழுச் சுமையில் 95இல் ஓடுவது அந்தச் செயலிகளின் இயல்பு என்று ஏ.எம்.டி. அவற்றை வெளியிட்ட 2022லேயே சொல்லிவிட்டது. சும்மா இருக்கும்போது எண் 40க்கும் 55க்கும் இடையே துள்ளுவதும் பழுதல்ல. ஃபேன் சத்தம் ஏறி இறங்குவது எரிச்சலூட்டினால், பயோஸில் ஃபேன் வேகம் மாறுவதற்குச் சில வினாடி தாமதம் கொடுத்தால் போதும். 65 வாட் செயலி விளையாட்டிலேயே எல்லையைத் தொட்டால் விடக் கூடாது.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சோதனையை அதே பத்து நிமிடம், ஏறத்தாழ அதே அறை வெப்பத்தில் ஓட்டி, எண்ணை எழுதி வைக்க வேண்டும். அக்கா மகன் ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதினான். முதல் வரி: அறை 36, விளையாட்டில் 100. இரண்டாம் வரி, நான்காவது ஊசியை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அழுத்திப் பூட்டிப் புதிய பேஸ்ட் வைத்த பிறகு: 81. மூன்றாம் வரி, கணினியை மர அறையிலிருந்து வெளியே எடுத்துத் தரையில் ஒரு பலகை மேல் வைத்த பிறகு: 73. நான்காவது வரி எழுத வேலை இருக்கவில்லை. லிக்விட் கூலருக்கு வைத்திருந்த பணத்தில் இன்னொரு 16 ஜி.பி. ரேம் வாங்கிக்கொண்டான், டேபிளின் அந்த மர அறையில் இப்போது அக்கா பழைய பேப்பர்களை அடுக்கி வைத்திருக்கிறாள்.